பெத்திசெமினார், புதுச்சேரி

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையிலுள்ள கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளி. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் 1844-இல் நிறுவியது. பிரெஞ்சுப் பெயருக்கு ‘சிறிய குருமடம்’ என்று பொருள்; ஊர்வாய்ப்பட்டு அது ‘பெத்திசெமினார்’ ஆயிற்று. அவ்வாண்டு ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய திருச்சபை மன்றம், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் வலியுறுத்தியது. பள்ளியின் வேர் அங்கேதான். இதே 1844-இல்தான் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினரின் கல்லூரியும் பிறந்தது. 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த அதுவே இன்றைய தூய வளனார் கல்லூரி; பெத்திசெமினாரோ பள்ளியாகவே நிலைத்தது.

காண வருவோர் கவனிக்க: இது அருங்காட்சியகமன்று, மணியடித்து வகுப்பு நடக்கும் இடம், அனுமதி கேட்டு நுழைவதே முறை. மிஷன் வீதியில் 1791-இல் எழுந்த கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலையும் சேர்த்துப் பார்க்கலாம்.