கெடாவில் பழுதுபார்ப்புக் குறையும் இழப்பீட்டு உரிமையும்

பட்டறையில் சரியாகப் பூட்டாத சக்கரம் ஓட்டத்தில் கழன்று, வண்டியும் பிறர் சொத்தும் சேதமானால் இழப்பை யார் ஏற்பது? கெடா மாநிலத்தில் இதற்கான சட்டம் படிப்படியாகவே வந்தது.

மூடா ஆற்றின் தென்கரையில் தொடங்கும் செபராங் பிறை, பினாங்கோடு சேர்ந்து 1807 முதல் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. கெடா 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அவ்வாண்டு பாங்காக் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. எனினும் ஐக்கிய மலாய் மாநிலங்களில் அது சேரவில்லை. அதனால் அங்கிருந்த ஒப்பந்தச் சட்டமும் 1937ஆம் ஆண்டின் சிவில் சட்டமும் அப்போது கெடாவை எட்டவில்லை.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது லோரிகளும் வந்தன. லோரி தோட்ட நிர்வாகத்தின் உடைமை. தோட்டத்துப் பட்டறையிலேயே பழுது பார்த்தால், அதில் நேர்ந்த குறை நிர்வாகத்தின் சொந்த நஷ்டம். வழக்குத் தொடுக்க எதிர்த்தரப்பு இல்லை. வண்டி நகரத்துப் பட்டறைக்குப் போனபோதுதான் கோரிக்கைக்கு இடம் உண்டானது.

அந்தக் கோரிக்கைக்கு இரண்டு அடிப்படைகள் அமைந்தன. முதலாவது ஒப்பந்தம். இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய ஒப்பந்தச் சட்டம் 1950இல் கெடாவுக்கும் விரிந்தது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ளவர் தம் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்று அது பட்டறைக்காரரைக் கட்டுப்படுத்தியது. இரண்டாவது கவனக்குறைவு. 1951 இறுதியில் சிவில் சட்டம் விரிவாக்கப்பட்டதும் ஆங்கிலப் பொதுச்சட்டம் கெடாவிலும் செல்லுபடியானது. இங்கிலாந்தில் 1939இல் தீர்ப்பான ஸ்டெனெட் எதிர் ஹான்காக் வழக்கில், லோரிச் சக்கரத்தின் விளிம்பு கழன்று வழிப்போக்கர் ஒருவர் காயமுற்றார். பழுதுபார்த்தவரே பொறுப்பு, அவரை நம்பி வண்டியை ஓட்டிய உரிமையாளர் அல்ல என்று நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தத்தில் சேராத மூன்றாம் ஆளுக்கும் பட்டறை பொறுப்பாகலாம் என்பது இதன் பயன்.

1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, இவ்விரு அடிப்படைகளிலும் ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆனால் வழக்கறிஞர் கட்டணமும் நீதிமன்ற அலைச்சலும், தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு எட்டாதவை. போமன் (பட்டறை மெக்கானிக்) செய்த வேலை தவறென்று காட்ட இன்னொரு போமனின் சாட்சியமும் தேவைப்பட்டது.

இந்த இடைவெளியைக் குறைத்தது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்யப்படும் என்பதை அது சட்டபூர்வ உத்தரவாதமாக்கியது. குறையைச் சீராக்கும்படி பட்டறையைக் கேட்கலாம். மறுத்தால் வேறிடத்தில் சீர்செய்து அந்தச் செலவை வசூலிக்கலாம். முன்கூட்டி எதிர்பார்க்கத்தக்க பின்விளைவு இழப்புக்கும் ஈடு கோரலாம். அச்சட்டம் அமைத்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பொதுவாக வழக்கறிஞருக்கு இடமில்லை. கோரிக்கை வரம்பு தொடக்கத்தில் 10,000 ரிங்கிட். 2003இல் 25,000 ஆகவும் 2019இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

உடற்காயமும் மரணமும் இம்மன்றத்தின் வரம்புக்குள் வரா, பொருட்சேதம் வரும். தோட்ட நிர்வாகத்தின் லோரி போன்ற வணிக வண்டி வழக்குகள் வழக்கமான நீதிமன்றங்களுக்கே செல்கின்றன. 2013 முதல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 ரிங்கிட் வரையும் செஷன்ஸ் நீதிமன்றம் பத்து லட்சம் ரிங்கிட் வரையும் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம்.