கமாதரியூஸும் குருதியின் சாட்சியமும்

தரையோடு ஒட்டி வளரும் சிறு செடி ஒன்று. அதன் இலை, ஓக் மரத்து இலையைச் சிறிதாக்கி வைத்தாற்போல் இருக்கும். ஆகவே கிரேக்கர் 'தரை ஓக்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிதீஸ் தம் மருந்து நூலில் அதனைச் சேர்த்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நூல் பக்தாதில் அரபியாக்கப்பட்டபோது கிரேக்கப் பெயர் 'கமாதரியூஸ்' எனத் திரிந்து நின்றது. 'பல்லூத்துல் அர்ள்' என்று பொருளையே பெயர்த்துச் சொன்னோரும் உண்டு. இப்னு சீனாவின் அல்கானூனிலும், 1248 இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தாரின் பெருந்தொகுப்பிலும் அதற்கு இடமுண்டு. ஐரோப்பியர் ஜெர்மாண்டர் என்பது இதனையே.

இத்துணை நெடிய நற்பெயர் பெற்ற மூலிகை, 1992 இல் பிரான்சு நாட்டில் தடை செய்யப்பட்டது. அங்கே 1986 முதல் உடற்பருமனைக் குறைக்கும் பொருளாக அதன் பொடியைக் கேப்சூலில் அடைத்து விற்று வந்தனர். உண்டவர்களிற் சிலருக்குச் சில வாரங்களில் காமாலை கண்டது. லார்ரே என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1992 இல் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினர். நாட்டின் மருந்துக் கண்காணிப்பு நிலையங்களுக்கு வந்த 26 நிகழ்ச்சிகளும் அவ்வாண்டே வெளியாயின.

ஆயிரம் ஆண்டுகளாக அறியப்படாத குற்றம் ஆறே ஆண்டுகளில் எவ்வாறு பிடிபட்டது? பண்டைய ஹகீம்களுக்குக் கூர்மை குறைவென்று எண்ணுதல் தவறு. மருந்தைச் சோதிக்க இப்னு சீனா வகுத்த விதிகளில் ஒன்று, அதன் விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ நிகழ வேண்டும் என்பது. அரிதாய் நிகழ்வது தற்செயல். சிறந்த விதிதான். ஆயின் அவ்விதியே இங்குக் குற்றவாளிக்கு அரணாயிற்று. உண்டோர் பலருள் மிகச் சிலருக்கே, அதுவும் வாரங்கள் கழித்து, ஈரல் கெட்டால் எந்த ஹகீம் செடியை ஐயுறுவார்? அவர் கையிலிருந்தவை நாடியும், சிறுநீர் நிரம்பிய காரூராக் குப்பியும், கண்ணின் நிறமுமே. ஈரலோ பொறுமைசாலி. குருதியில் பிலிரூபின் ஒரு டெசிலிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமைக் கடந்த பின்னரே கண் மஞ்சளிக்கும்.

1955 ஆம் ஆண்டில்தான் நிலை மாறியது. நியூயார்க்கில் கார்மன், விரோப்ளூஸ்கி, லடூ ஆகியோரும், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டி ரிட்டிஸ் குழுவினரும், ஈரல் அணுக்களுள் இருக்கும் சில நொதிகளைக் குருதியில் அளந்தனர். அணு சிதைந்தால் அவை குருதியில் கசியும். இன்று நம் இரத்தப் பரிசோதனைத் தாள்களில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எனக் காண்பவை அவையே. கண் மஞ்சளிக்கும் முன்னரே ஈரலின் முறையீடு எண்ணாக எழுதப்படலாயிற்று.

எனினும், வீட்டில் களவு நடந்ததை அந்த எண் கூறுமேயன்றிக் கள்வனின் பெயரைக் கூறாது. வைரஸ் காமாலையிலும் அதே எண் ஏறும். எனவே மற்றவர்களை ஒவ்வொருவராக விலக்க வேண்டியிருந்தது. ஹெபடைடிஸ் ஏ, பி ஆகியவற்றை முன்பே சோதிக்க முடிந்தது. சி வைரசுக்கான சோதனையோ 1990 ஐ ஒட்டித்தான் புழக்கத்திற்கு வந்தது. அது பத்தாண்டு பிந்தியிருப்பின், பழி முழுதும் ஏதோ ஒரு பெயரறியா வைரஸின் மீது விழுந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். லார்ரேயின் எழுவரும் கேப்சூலை நிறுத்தியபின் தேறினர். அவர்களுள் மூவர், காரணம் அறியாமல் அதையே மீண்டும் உண்டனர். ஈரல் அழற்சி விரைவில் மீண்டது. பலரிடம் காணவியலாத அந்த 'எப்போதும்', ஒரே மனிதரிடம் காணப்பட்டது. இப்னு சீனாவின் விதி இவ்விதம் வேறு வாயில் வழியே உள்ளே வந்தது!

வேண்டுமென்றே ஒருவருக்கு அம்மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. ஆதலின் கள்வனின் பெயரையே சொல்லும் அடையாளத்தைக் குருதியில் தேடலாயினர். ஜெர்மாண்டரிலுள்ள ட்யூக்ரின் என்னும் பொருளை ஈரலே நச்சாக மாற்றுகிறது. அது ஈரலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அச்செடியின் தேநீரை நெடுநாள் அருந்தியோர் குருதியில், ஈரலின் நொதி ஒன்றையே பகையெனக் கருதும் எதிர்ப்பொருள் இருந்ததை 2000 இல் கண்டனர்.

அடுத்த செய்தி நம் அடுக்களைக்கு அருகில் வருகிறது. மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி 2022 இல் அமெரிக்க ஆய்வாளர் எழுதினர். இது குழம்பில் இடும் சிட்டிகை மஞ்சளைப் பற்றிய பேச்சன்று. செறிவூட்டிய சரக்கு, சிலவற்றில் உடலுள் மிகுதியாக ஈர்க்கப்பட மிளகின் சத்தும் சேர்ந்தது. அப்பதின்மரில் எழுவர் எச்.எல்.ஏ. பி 35:01 என்னும் மரபணு வகையைத் தாங்கியிருந்தனர். ஐயத்தை வலுப்படுத்த அது உதவும். ஆனால் அம்மரபணு உள்ளோர் அனைவருக்கும் ஈரல் கெடுவதில்லை. எனவே மருத்துவர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒழியவில்லை: வேறு என்ன உண்டீர்? நம் இல்லங்களில் லேகியத்தையும் சூரணத்தையும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'அது வெறும் பச்சிலைதானே' என்று மறைத்துவிடுகிறோம். அமெரிக்காவின் அப்பதின்மருள் ஐவர் மருத்துவமனையிற் கிடந்தனர். ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார்.