வீட்டுக் கம்பியில்லா வலையமைப்புப் பாதுகாப்பு

வீட்டுக் கம்பியில்லா வலையமைப்புப் பாதுகாப்பு என்பது, அருகலை எனப்படும் வை-ஃபை இணைப்பை அயலார் உரிமையின்றிப் பயன்படுத்தாவண்ணம் காக்கும் முறைகளைக் குறிக்கும். வானலைகள் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

நவி மும்பை நிகழ்வு

2008 சூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னர், ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தொடர்ந்த காவல்துறையினர் நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டை அடைந்தனர். பாதுகாப்பற்றிருந்த அவரது அருகலையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். ஐ.பி. முகவரி இணைப்பின் உரிமையாளரைக் காட்டுமேயன்றி, விசைப்பலகை முன் அமர்ந்தவரைக் காட்டாது. 2009 பெப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, அருகலைப் பாதுகாப்புக் குறித்து இணையச் சேவை வழங்குநர்களுக்கு அறிவுறுத்தல்களை வெளியிட்டது.

மறையாக்கம்

1997ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் இடம்பெற்ற 'வெப்' முறையின் குறைபாட்டை 2001இல் ஃப்ளூரர், மாண்டின், சமீர் ஆகியோர் வெளிப்படுத்தினர். இன்று அதைச் சில நிமிடங்களில் உடைக்கலாம். 2004இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 ஆகியன அறிமுகமாயின.

டபிள்யூ.பி.ஏ.2 கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் கொண்டது. கருவி இணையும்போது நிகழும் தகவல் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொள்பவர், பின்னர் தம் கணினியிலேயே கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க இயலும். கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது நம்மூர்ப் பழக்கம். பத்து இலக்க எண்கள் 1000 கோடிதான். நல்ல வரைகலைச் செயலி அவற்றைச் சில மணி நேரத்தில் சோதித்துவிடும். தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோப்பது மேலானது.

பிற அமைப்புகள்

டபிள்யூ.பி.எஸ். வசதியின் எட்டிலக்க எண்ணை ஏறத்தாழ 11,000 முயற்சிகளில் கண்டறியலாம் என 2011இல் தெரியவந்தது. அதை முடக்குதல் நன்று. வலையமைப்பின் பெயரை மறைப்பதால் பயன் சிறிதே, இணையும் கருவிகளே அப்பெயரை வெளியிடுகின்றன. திசைவியின் மேலாண்மைக் கடவுச்சொல்லை வாங்கியவுடன் மாற்றவேண்டும்.