அஸ்தி கலசமும் லைசென்ஸும்

மனசுக்குக் கொஞ்சம் கனமான விஷயம், ஆனாலும் தயவு செய்து கடைசி வரை படிங்க.

வீட்டில் ஒரு மரணம் என்றால் முதலில் கூப்பிடுவது இறுதிச்சடங்கு ஏஜெண்டைத்தான். உடலை ஒப்படைக்கிறோம், அஸ்தியை வாங்குகிறோம், கடலில் கரைக்கிறோம், பதினாறாம் நாள் கருமக்கிரியை செய்கிறோம். கலசத்தில் இருப்பது நம்ம அப்பாதானா என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காவல் யார்? அமெரிக்காவில் நடந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர். இறந்த வீரர்களின் உடலைப் பதப்படுத்தி ஊருக்கு அனுப்ப, ஆட்கள் ராணுவத்தின் பின்னாலேயே போனார்கள். சிலர் துக்கத்தில் இருந்த குடும்பங்களிடம் அநியாயமாகப் பணம் கறந்தார்கள். புகார்கள் வரவே, 1865 மார்ச்சில் ராணுவத் துறை இந்த வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. 1894-இல் வர்ஜீனியா மாநிலம் சட்டம் கொண்டு வந்தது. மற்ற மாநிலங்களிலும் ஒவ்வொன்றாக லைசென்ஸ் வாரியங்கள் வந்தன.

இந்த வாரியங்களின் பலமே ஒழுங்கு விசாரணைதான். குடும்பம் புகார் கொடுத்தால் ஏஜெண்டுக்கு நோட்டீஸ் போகும். அவர் நேரில் வந்து பதில் சொல்லணும், சாட்சியும் கேட்பார்கள். தப்பு உறுதியானால் கண்டிப்பு, அபராதம், தற்காலிகத் தடை, கடைசியில் லைசென்ஸ் பறிப்பு. ஜெயிலில் போடுவது கோர்ட் வேலை. அடுத்த குடும்பத்தின் உடல் அவர் கைக்குப் போகாமல் தடுப்பது இந்த விசாரணையின் வேலை.

கொலராடோ மாநிலம் மட்டும் வேறு வழியில் போனது. தேவையில்லாத வாரியங்களை மூடுவதற்கு அங்கே 1976-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1983-இல் இறுதிச்சடங்கு லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். முடி வெட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேணும், இறந்தவர் உடலை வாங்குகிறவருக்கு வேண்டாம்! நாங்கள் வேலை செய்கிற ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவே சான்றிதழ் கேட்கிறோம். லைசென்ஸே இல்லாதவரிடம் எதைப் பறிப்பது?

விளைவு என்ன? 2018-இல் மான்ட்ரோஸ் ஊரில் ஒரு நிலையத்தை எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. குடும்பத்துக்குத் தெரியாமலே உடல்களை விற்றுவிட்டு, வேறு யாருடைய சாம்பலையோ கொடுத்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் பென்ரோஸ் ஊரில் நாற்றம் தாங்காமல் புகார் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சுமார் 190 உடல்கள் அழுகிக் கிடந்தன. சில குடும்பங்களுக்கு அஸ்தி என்று கொடுத்தது காய்ந்த கான்கிரீட் தூள். அதையும் பயபக்தியோடு வாங்கி வைத்திருந்தார்கள், பாவம்.

2024 மே மாதம் கவர்னர் ஜாரெட் போலிஸ் புதிய சட்டங்களில் கையெழுத்துப் போட்டார். படிப்பு, தேர்வு, பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. 2027 முதல் லைசென்ஸ் கட்டாயம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர இத்தனை குடும்பங்கள் அழ வேண்டியிருந்தது.

சட்டம் எழுதுவது நம்ம கையில் இல்லை. ஆனால் ஏஜெண்டிடம் ரசீது கேட்கலாம். உடலிலும் கலசத்திலும் ஒரே பெயர், ஒரே எண் இருக்கிறதா என்று குடும்பத்தில் ஒருவர் பார்க்கலாம். தப்பு நடந்தால் "போனவங்க போயிட்டாங்க" என்று விடாமல் எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகார் இல்லாமல் விசாரணை இல்லை. இறந்தவர் தனக்காகப் பேச முடியாது, நாம்தான் பேசணும். அதுவும் அவருக்குச் செய்கிற கிரியைதான்.