குனிய வைத்த காய்ச்சல்

2006-ல் சிக்கன்குனியா வந்தபோது மல்லாங்கிணறு பக்கம் பலர் கோழிக்கறி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பெயரில் 'சிக்கன்' இருக்கிறதே! "சிக்குனா குனியணும்" என்று கேலி பேசியவர்களும் உண்டு. கேலிக்குச் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. 1952-53-ல் இந்தக் காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது, இன்றைய தான்சானியாவில். அங்குள்ள மக்கோண்டே மொழியில் சிக்குன்குனியா என்றால் வளைந்து போவது. நிமிர முடியாமல் நடந்தவர்களைப் பார்த்து வைத்த பெயர்.

நமக்கும் இது புதிதல்ல. 1963-ல் கல்கத்தா, 1964-ல் மதராஸ், 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சி. பிறகு முப்பது வருஷம் பெரிதாகத் தலைகாட்டவில்லை, ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டுவலி போகாது, பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இருந்தது. அப்போது நான் நர்ஸாக இருந்தேன். நாலு மாசம் கழித்து ஒரு பாட்டி வார்டில் வந்து சேர்ந்தார். "காச்சல் போயிருச்சுன்னு சொல்றீக நர்சம்மா, தீப்பெட்டி ஒட்ட விரல் மடங்க மாட்டேங்குதே" என்றார். கேஸ் ஷீட்டில் 'காய்ச்சல் இல்லை' என்று மட்டும்தான் இருந்தது.

பாட்டி சொன்னதை எழுத நர்ஸுக்கு ஓர் இடம் உண்டு. அதற்கு 'நர்ஸிங் டயக்னோசிஸ்' என்று பெயர். பார்சியில் காய்ச்சல் பரவிய அதே 1973-ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நர்ஸுகள் கூடி இதற்கான பட்டியலைத் தொகுக்க ஆரம்பித்தார்கள். 1982-ல் அதற்கென்றே 'நாண்டா' என்ற சங்கம் உருவானது. டாக்டர் நோய்க்குப் பெயர் வைக்கிறார். நர்ஸ் அந்த நோயோடு ஆள் படும் பாட்டை எழுதுகிறார். என்ன பிரச்சினை, எதனால், எதை வைத்துச் சொல்கிறோம் என்று மூன்றும் அதில் வர வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டிய வலி 'நாள்பட்ட வலி'.

படிக்கும்போது இதைப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள்தான் நாங்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே வரி! அதனால் பலருக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. நோயாளியிடம் கேட்டு எழுதினால்தான் அதற்கு உயிர்.

அன்று நான் எழுதியது: "நாள்பட்ட வலி, மூட்டு வீக்கம் காரணமாக, காலையில் விரல் மடங்கவில்லை, தீப்பெட்டி ஒட்ட முடியவில்லை, குத்தவைத்தால் எழ முடியவில்லை என்கிறார்." அதன் கீழே வெந்நீர் ஒத்தடம், விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவது, உட்கார உயரமான ஸ்டூல்.

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்த நர்ஸ் பாட்டியிடம் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னைக்கு விரல் மடங்குதா பாட்டி?" என்றுதான் கேட்டார்.