நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

 

விடுமுறை வந்தால் எனக்கு வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டாரில இருந்து லீவில வருகிற நானாமார், கொழும்பில இருந்து குடும்பத்தோட வருகிற பழைய மாணவர்கள், சில நேரம் அவர்கள் கூட்டி வருகிற வெள்ளைக்கார நண்பர்கள் எல்லோரும் கேட்பது: “சேர், இந்தப் பக்கம் நம்ம ஊர்ச் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?” வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் இடத்தை மட்டும் சொல்லி விடமாட்டான். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் வாசியுங்கள். அவசரக்காரர்களுக்குக் கடைசிப் பகுதியில இடங்கள் இருக்கு.

சுற்றுலா விடுதிகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். கித்துள்கல பக்கம் ஆற்றில் படகு விடுகிற இடங்களிலும், பின்னவல யானைகளைப் பார்க்க வருகிறவர்கள் சாப்பிடுகிற இடங்களிலும் தேங்காய் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் வாழையிலையில் வைத்து, “பாரம்பரிய கிராமத்து உணவு” என்று படம் போடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கேள்வி. இலங்கையில் கோதுமை விளைவதே இல்லையே, கோதுமை ரொட்டி எப்படி நம்முடைய பாரம்பரியம் ஆனது? கிராமத்துப் பழைய ரொட்டி குரக்கன் ரொட்டி. கோதுமை மா ரொட்டியின் கதை லயத்தோடும், துறைமுகத்தோடும், யுத்தத்தோடும் சம்பந்தப்பட்ட கதை.

முதலில் தோட்டத்துக்கு வந்தது சோறுதான். கோப்பிக் காலத்திலும் அதற்குப் பின் தேயிலை, ரப்பர் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டமே அரிசி கொடுத்தது. “கொடுத்தது” என்றால் இலவசமாக இல்லை, சம்பளத்தில் கழித்துக்கொண்டு. அந்த அரிசியும் பெரும்பாலும் இந்த நாட்டில் விளைந்ததல்ல. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1927 இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதுகூட, சம்பளத்தோடு சேர்த்து அரிசியை என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் பேசித் தீர்மானிக்கப்பட்டது. அதாவது ஒரு மனிதனின் நாட்கூலி என்பது பாதி காசு, பாதி சோறு. வயலோ தோட்டக்காணியோ அவனுக்கு இல்லை. லயத்து வாசலில் நாலு கீரைச்செடி வைத்திருந்தால் அது பெரிய விஷயம். கிராமத்து ஏழைக்கும் லயத்து ஏழைக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். கிராமத்தில் கஷ்டம் வந்தால் ஒரு பலாமரமாவது இருக்கும்.

1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. குண்டை விட மக்களைப் பெரிதாகத் தாக்கியது பர்மா அரிசி நின்றதுதான். அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும், பஜிரி என்று சொன்ன கம்பும் கொடுத்தார்கள். பஜிரியை யாரும் விரும்பிச் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை, யுத்தம் முடிந்ததும் அதை மறந்து விட்டார்கள். ஆனால் கோதுமை மா போகவில்லை. விடியற்காலை பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு மாவும் உப்பும் தேங்காய்ப்பூவும் பிசைந்து கல்லில் போடுகிறது சோறு ஆக்குவதை விடச் சுகம். ரொட்டியைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். பத்து மணிக்கு ஆறிப்போனாலும் சாயத்தண்ணியோடு இறங்கும். ஒரு ரொட்டி சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி எடுக்காது. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், “கல்லு மாதிரி வயித்துல கிடக்கும் சேர்” என்பார்கள்.

நம்ம மாகாணத்துக்கு இதில் தனியான ஒரு அத்தியாயம் உண்டு. கேகாலை, யட்டியாந்தோட்டை, தெஹிஓவிட்ட, றுவன்வெல்லைப் பக்கம் ரப்பர் அல்லவா? 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ரப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். உலகச் சந்தையில் அரிசி விலை ஏறி, ரப்பர் விலை இறங்கிக் கிடந்த நேரம். அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க இதைச் செய்தார். பாடப்புத்தகத்தில் இதை ஒரு இராஜதந்திர வெற்றியாகப் படிப்பிக்கிறோம், அது சரிதான். ஆனால் அந்தப் பாடத்தில் நான் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி: அந்த ரப்பர் பாலை வெட்டியது யார்? விடியற்காலையில் மரம் மரமாக ஏறி இறங்கிச் சிரட்டை வைத்தவர்களில் பலர் 1948 இல் குடியுரிமையும் 1949 இல் வாக்குரிமையும் இழந்த ஆட்கள். முழு நாட்டுக்கும் சோறு கொண்டுவந்த கைகளுக்கு அந்த நாடு சொந்தமில்லை. இந்த இடத்தில் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் கதைக்கமாட்டார்கள்.

அடுத்து 1973 – 74. அதற்கு முன் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1934 – 35 இல் மலேரியா வந்தது. நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பட்டினியால் இளைத்த உடம்புகள்தான் காய்ச்சலில் அதிகம் விழுந்தன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய் மருந்தும் பருப்பும் கொடுத்தார்கள். மார்மைட்டை உருண்டையாக உருட்டி, “வெதமாத்தயாவின் குளிசை” மாதிரிக் கொடுத்த கதையும் உண்டு. மேல்நாட்டு மருந்தென்றால் சனங்கள் விழுங்கமாட்டார்களே! அந்த வேலையில் முன்னுக்கு நின்ற கலாநிதி என். எம். பெரேராவுக்குச் சனங்கள் வைத்த பெயர் “பருப்பு மாத்தயா”. 1936 இல் அவர் றுவன்வெல்லையில் நின்று அரசாங்க சபைக்குத் தெரிவானார். பிறகு நீண்ட காலம் யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினர். 1948 இல் அவருடைய சமசமாஜக் கட்சி குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தது. இதை மறக்கக்கூடாது.

அதே என். எம். 1970 இல் நிதி அமைச்சர் ஆனார். 1973 இல் உலகம் முழுக்க எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறியது, நாட்டில் டொலர் இல்லை, மழையும் பிழைத்தது. இலவச அரிசியின் அளவைக் குறைத்தார்கள். கோதுமை மாவும் சீனியும் வெட்டு விழுந்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வருவது நின்றது. அரிசியை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போக முடியாதபடி வீதியில் தடை போட்டுச் சோதித்தார்கள். கிராமத்தான் மரவள்ளி நட்டான், பலாக்காய் அவித்தான். லயத்தான் எங்கே நடுவது? தேயிலைக்கும் ரப்பருக்கும் நடுவில் அவனுக்கு ஒரு முழம் நிலமில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் அந்த இரண்டு வருடத்தில் ஏறியது, நாட்டின் மற்ற இடங்களை விட மிக அதிகமாக. குடும்பம் குடும்பமாகத் தோட்டத்தை விட்டு இறங்கி, கண்டி போன்ற நகரங்களின் வீதிகளில் கையேந்தி நின்றார்கள். “பருப்பு மாத்தயா”வின் தொகுதியில் இருந்த தோட்டங்களும் இதற்கு விலக்கில்லை. அவரைக் கெட்ட மனிதன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. 1935 இல் அவர் கண்ட பசிக்காரர்கள் கையில் அடுத்த தேர்தலில் வாக்கு இருந்தது, 1974 இல் செத்தவர்களில் பெரும்பாலானோர் கையில் அது இல்லை. என்னுடைய கணக்கு இவ்வளவுதான். பிழையென்றால் கொமென்டில் கதைப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் 9 ஆம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் மூத்தவர்களிடம் “சிறிமா காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்” என்று கேட்டு எழுதி வாருங்கள் என்று. தோட்டத்துப் பிள்ளைகளும் நம்ம முஸ்லிம் பிள்ளைகளும் பக்கத்துக் கிராமத்தில் இருந்து தமிழ் மொழிமூலம் படிக்க வருகிற ஓரிருவரும் எழுதினார்கள். முஸ்லிம் வீடுகளில் இருந்து வந்தவை பாண் கியூ, சங்கக் கடை, மரவள்ளிக் கிழங்கு. தோட்டத்து வீடுகளில் இருந்து வந்தவை வேறு. காட்டுக் கீரை, மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. ஒரு பாட்டி, தன் தம்பியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, சாப்பாட்டைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையாம். பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு நான் புள்ளி போடவில்லை, போட மனம் வரவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பதை வேகமாகச் சொல்லி விடுகிறேன். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்குப் போனார்கள், பட்டினிக்குப் பிறகு போனவர்கள் அதிகம். ரப்பர் வெட்டத் தெரிந்தவர்களைக் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். 1977, 1981, 1983 மூன்று தடவையும் இரத்தினபுரி மாவட்டத்தில் தமிழர் லயங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. 1981 ஓகஸ்டில் காவத்தை, இறக்குவானைப் பக்கம் நடந்ததை இன்றும் சொல்ல ஆள் இருக்கிறது. நமக்கும் 2001 மே மாதத்து மாவனல்லை தெரியும். கடை எரிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது அந்த ஊரில் யார் கடை மிஞ்சியது என்பதையும் பொறுத்தது. வழிகாட்டிப் புத்தகங்களில் இதை எழுதமாட்டார்கள்.

சந்தோஷமான கதைகளும் இருக்கு. பலாமரம் எப்போதும் இருந்ததுதான், ஆனால் இவ்வளவு பெருகியதற்கு ஆர்தர் வி. டயஸ் என்ற பாணந்துறைக்காரர் ஒரு காரணம். 1915 கலவர காலத்தில் ஆங்கிலேயர் அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியில் வந்தவர், உணவுக்குப் பிறரை நம்பக்கூடாது என்று நாடு முழுக்கப் பலாக்கன்று நட வைத்தார். சனங்கள் “கொஸ் மாமா” என்று அழைத்தார்கள். 1974 இல் எத்தனை கிராமங்களை அந்த மரங்கள் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். (அந்தக் கலவரத்தில் அடிபட்டது நம்ம ஆட்களின் கடைகள். அதையும் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், பலா பலாதான்.)

கித்துளும் அப்படி. பெருநாளுக்கு நம்ம வீடுகளில் வட்டிலப்பம் இல்லாமல் முடியாது. அது மலாய் மக்களோடு வந்த பண்டம் என்பதுதான் பொதுவான கருத்து. ஆனால் அதில் போடுகிற கருப்பட்டி நம்ம பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் பாளை சீவி, பதனீரை விடிய விடியக் காய்ச்சி இறக்கியது. நல்ல கித்துள் கருப்பட்டி கறுத்து, மெதுவாக இருக்கும், மணம் புகை கலந்து வரும். சீனி கலந்தது கடினமாக, பளிச்சென்று இருக்கும். பெருநாள் நெருங்கினால் சீனி கலந்ததுதான் சந்தைக்கு அதிகம் வரும், கவனம்.

கொத்து ரொட்டியை நாடு முழுக்கப் பரப்பியது முஸ்லிம் ஹோட்டல்கள். கிழக்கில்தான் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். அதுவும் அதே கோதுமை மாதான். மொரீசியஸ் தீவுக்குக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யப்போன இந்தியர்கள் கொண்டுபோன பருப்புப் பூரியை இன்று போர்ட் லூயிஸ் வீதிகளில் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். கூலிக்காரன் சாப்பாடு தீவின் அடையாளமாக ஆனது நமக்கு மட்டும் நடந்ததல்ல.

இப்போ இடங்கள். கொழும்பில இருந்து கண்டி வீதியில் வந்தால் வரக்காப்பொலையில் எள்ளுருண்டை (தலகுளி) வாங்காமல் வராதீர்கள். பஹல கடுகண்ணாவைக் கடைகளில் குரக்கன் ரொட்டி, ஹெலப்ப, லவரியா. மூன்றும் உண்மையான கிராமத்துப் பண்டம், பெண்கள் கண் முன்னால் செய்து தருவார்கள். கித்துள்கலையில் களனி ஆற்றோரம் சோறும் கறியும் சாப்பிடலாம், “பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்” படம் எடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே. ஆனால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். இரத்தினபுரி டவுனில் மத்தியானச் சோற்றுக்கு மாணிக்க வியாபாரிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சின்ன ஹோட்டல்கள் போதும். பலாங்கொடைப் பக்கம் ஜெய்லானி கந்தூரி நாளென்றால் கந்தூரிச் சோறு கிடைக்கும். கந்தூரி சரியா பிழையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அவித்த பலாக்காயும் தேங்காய்ப்பூவும் கடையில் தேடாதீர்கள், அது வீட்டுச் சாப்பாடு, யாராவது கூப்பிட்டால் போங்கள்.

கோதுமை ரொட்டி சாப்பிட வேண்டுமென்றால், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் சாப்பிட வேண்டும். தோட்டத்தில் தெரிந்த ஆள் இல்லாத நம்ம ஊர்க்காரன் யார்? ஆனால் ஒன்று. 2016 இல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது என் வகுப்பில் முன் வாங்கில் இருக்கிறார்கள். ஆகவே “சும்மா ரொட்டி சுட்டுத் தாங்க அக்கா” என்று கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். காலையில் போகாதீர்கள், பிரட்டு நேரம், அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போங்கள். மாவு கொண்டு போங்கள், கொஞ்சம் பருப்பும் கொண்டு போங்கள். தேங்காய் கட்டாயம் கொண்டு போங்கள், மலையில் தென்னை இல்லை, ஒவ்வொரு தேங்காயையும் அவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.