மூளையில் பிறக்கும் வயிற்று வலி

எங்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்குப் பொருள் மூன்று. நோய் தீர்ப்பது ஒன்று. பட்டாசுக் குழாயில் அடைப்பது மற்றொன்று. பகைவர் சோற்றில் கலந்து வயிற்றில் தங்க வைத்ததாக மக்கள் அஞ்சுவது மூன்றாவது. காரணம் புலப்படாத வயிற்று வலி வந்தால், இம்மூன்றாவது மருந்தின் மேல் ஐயங்கொண்டு தொக்கம் எடுக்கச் செல்வோர் உண்டு. அத்தகைய வலிகளுள் மிகச் சிலவற்றுக்கு மூலம் வயிற்றிலன்று, மூளையிலேயே உள்ளது. இதனை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது.

வலிப்பு தெய்வக் குற்றமன்று, மூளையின் நோயே என்று கிரேக்க மருத்துவர் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தனர். ஆயினும், கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதே வலிப்பு என்ற எண்ணம் நெடுங்காலம் நீங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், விழாமலே வரும் வலிப்புகளை நுணுகி ஆராய்ந்தார். மேல்வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சை நோக்கி எழும்புகிறது என்று நோயாளிகள் கூறியதை அவர் கற்பனையென்று தள்ளிவிடவில்லை. நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்த்த அப்பண்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை 1929இல் ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டார். 1940களில் அமெரிக்க மருத்துவர் மூர், திடீரெனத் தோன்றி மறையும் வயிற்று வலி வலிப்பின் வடிவமாகவும் வரக்கூடும் என விளக்கினார். மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் இன்சுலா என்னும் மடிப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டியபோது, அவர்கள் வயிற்றில் உணர்ச்சி தோன்றுவதாகக் கூறினர். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் வந்து, இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவையை 1952இல் அங்கே செய்தார்.

வயது வந்தோரிடம் இந்நோய் அரிது. குடற்புண், பித்தக்கல் முதலியன இல்லையென்று தெளிந்த பின்னரே இதனை எண்ணுதல் வேண்டும். சில நொடிகளோ நிமிடங்களோ நீடிக்கும் வலி, அதையடுத்து மயக்கமும் தடுமாற்றமும் உறக்கமும், மீண்டும் மீண்டும் ஒரே விதமாக வருதல் ஆகியன இதன் குறிகள். வலிப்புக்குரிய மாத்திரைகளால் பலருக்கு இது அடங்கும்.

வெடிமருந்து கலக்கும் அறையில் நொடிப்பொழுது நினைவு தப்பினும் உயிருக்கே கேடு. ஆயினும் வலிப்பு என்ற பெயருக்கு அஞ்சி, வெறும் வயிற்று வலி என்றே மறைப்பவர் பலர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அடிக்கடி வலிப்பு வருவோர் மணம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட விதி, 1999இல்தான் நீக்கப்பட்டது.